முழுசா வந்துட்டேன்

‘இருக்கு’ என்று சொல்லிவிட்டுத்தான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். கஸ்தூரி வேறெதையும் கேட்கவில்லை. "என்னங்க, நறுமுகைய உள்ள கொண்டு போயிட்டாங்க. அந்த முடிச்சு இடுப்புல இருக்குல்ல? அவ வெளிய வர்ற வரைக்கும் கழட்டிடாதீங்க" என்றாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு தாழ்வாரத்திலிருந்து பேசுகிறாள், பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிடுகிறது. இருக்கு என்றேன். வைத்துவிட்டாள். ஃபோனை மேசைமேல் குப்புறப் போட்டுவிட்டு, அரிப்புக்குச் சொறிந்துகொள்கிறவன் மாதிரி நீல உடுப்பின் மேலாக அரைஞாண் கயிற்றைத் தடவினேன். கயிறு தட்டுப்பட்டது. முடிச்சு தட்டுப்படவில்லை. வலது பக்கம்தானே, இல்லை, கஸ்தூரி கட்டும்போது நான் வாசலைப் பார்த்து நின்றேன், அவள் எனக்கு இடது பக்கம் மண்டியிட்டிருந்தாள், அப்படியானால் இடது பக்கம். இடது பக்கமும் இல்லை. கயிறு சுற்றியிருக்கும், சுற்றிப் பின்னால் போயிருக்கும். நாற்காலியில் முதுகை நெளித்துப் பின்பக்கம் கையைக் கொண்டுபோனேன். "என்னா லாஸ் சார், மூட்டப்பூச்சியா?" என்றார் பக்கிரிசாமி, இந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான இன்ஜினியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. பரிமளா சிரித்தாள். மெஷினை இயக்கும் மேசை அவளுடையது, அவள் ஸ்டார்ட் கொடுத்துச் சற்று நேரம்தான் ஆகிறது. நானும் சிரித்தேன். பக்கத்துக் கூடத்தில் டர்பைன் மெல்லச் சுழலத் தொடங்கியிருக்கிறது, தரைவழியாகப் பாதத்துக்கு வருகிறது அந்த நடுக்கம்.

மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்த துணிக் கிழிசல், அதற்குள் பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசு. காசை எடுத்துக் கொடுத்தவளே நறுமுகைதான், மண் உண்டியலைத் தலைகீழாகக் குலுக்கி, விழுந்ததில் எது கனம் என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்து. நாலு வயசுக்கு அவளுக்குக் கனம் தெரியும், அவள்தான் கனமாகவில்லை. மாரியம்மனுக்கு முடிந்து வைக்கிற காசு, பிள்ளை பிழைத்து வந்தால் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். "அவளுக்குக் கட்டுனா ஆபரேசன் ரூம்ல கத்திரிச்சித் தூரப் போட்டுருவாங்க. அப்பன் இடுப்புல கட்டுனா புள்ள இடுப்புல கட்டுன மாதிரிதான்" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றைக்குக் கஸ்தூரி கட்டிவிட்டாள். மற்ற நாளாயிருந்தால் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சரி, எங்கே விழுந்திருக்கும், அதைப் பார், சுற்றி வளைக்காதே. குளியலறையிலா, பைக்கிலா, ஆமாம் பைக்கில் விழுந்திருக்கலாம், உப்பளத்து ரோடு முழுக்கக் குண்டும் குழியும்தானே. இல்லை. பைக்கில் விழவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் கம்ப்ரசர் வாய்க்குப் போகிற இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று அதைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, கழட்டாமல், உள்ளே போனேன்.

மறந்துபோய் அல்ல. அந்தக் கதவுக்குள் போகிற ஆளுக்குப் பை இருக்கக் கூடாது, உடுப்பையே பையில்லாமல்தான் தைக்கிறார்கள். மோதிரம் கூடாது, கடிகாரம் கூடாது, மூக்குக் கண்ணாடியைக் கூடக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். டர்பைன் வெளிக்காற்றை அந்த வழியாகத்தான் இழுக்கிறது. இழுத்த காற்றைக் கம்ப்ரசர் வரிசை வரிசையான பிளேடுகளால் நெருக்கித் தள்ள, நெருங்கிய காற்றில் கேஸ் எரிகிறது. காற்றோடு ஒரு திருகாணி போனால் போதும், முதல் வரிசையில் ஒரு பிளேடு உடையும், உடைந்தது இரண்டாவது வரிசையை உடைக்கும். வேறொரு ஊரில் அப்படி ஆன மெஷினைத் திறந்து வைத்திருந்தபோது பார்த்திருக்கிறேன், மணி உதிர்ந்த சோளக்கொண்டை மாதிரி வெறும் தண்டுதான் கிடந்தது. ஒரு துண்டு கூட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து அங்கே நின்றிருந்தவரின் தோளைக் கொண்டுபோயிற்று என்றார்கள். எல்லாம் தெரிந்தவன்தான் நான். காலையில் எனக்கு முன்னால் ஜபருல்லா பாய், மெஷின் பக்கத்திலேயே நின்று வேலை பார்க்கிறவர், கையிலிருந்த தாயத்தை அவிழ்த்துக் கதவுக் கைப்பிடியில் மாட்டினார். பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தார். என்னைக் குத்திக் காட்டுகிறாரோ என்று கூடத் தோன்றியது, ஏனென்றால் போன வருஷம் அதைக் கழட்டச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியவன் நான். அவர் முகத்தில் ஒன்றுமில்லை, தாயத்தை மாட்டினார், உள்ளே போனார். என் கை இடுப்புக்குப் போயிற்று. அவிழ்த்து அவர் தாயத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கலாம். கஸ்தூரி மண்டியிட்டிருந்தது நினைவுக்கு வந்தது. பிள்ளையை மேசையில் படுக்க வைக்கிற அன்றைக்கா அவிழ்ப்பது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். படித்த ஆள், எஃபிஷியன்சி இன்ஜினியர், கையால் அவிழ்க்கப் பயந்துபோய் அப்படியே வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனேன்.

திரையில் வேகம் கொஞ்சம் ஏறி ஒரே இடத்தில் நிற்கிறது. இது காற்றை மட்டும் இழுத்து வெளியே தள்ளுகிற கட்டம், உள்ளே எங்காவது தங்கியிருக்கிற பழைய கேஸ் போகட்டும் என்று. நெருப்பு இன்னும் வைக்கவில்லை. இந்த வேகத்தில் இழுப்பு குறைச்சல், தரையில் கிடக்கிற காசு தரையில்தான் கிடக்கும். கம்ப்ரசர் வாயில் வட்டமாகத் தகடுகள் இருக்கின்றன, ஜன்னல் பலகை மாதிரி திரும்பித் திறக்கும், இப்போது ஒருக்களித்து மூடியிருக்கின்றன. வேகம் முழுசுக்குக் கிட்டே போனபிறகுதான் திறக்கும். திறந்தால் அந்த வாய் ஆளையே இழுக்கும். அதற்குள் சொன்னால் போதும். நேரம் இருக்கிறது. சொல், இப்போதே சொல், பக்கிரிசாமி சார் ஒரு நிமிஷம், அவ்வளவுதானே, நாலு வார்த்தை. உள்ளேதான் விழுந்தது என்று என்ன நிச்சயம், ஏணியில் இறங்கும்போது விழுந்திருக்கலாம், இங்கே நடந்து வரும்போது கால்வழியாக நழுவியிருக்கலாம். குனிந்து நாற்காலிக்கடியில் பார்த்தேன். கழுவிவிட்ட தரை, வெள்ளைத் தரை, மஞ்சளாக ஒன்றுமில்லை. எழுந்துபோய் ஏணிப் பக்கம் பார்த்துவிட்டு வரலாம் என்றால், ஸ்டார்ட் கொடுத்தபின் அந்தப் பக்கத்து வாசலைப் பூட்டிவிடுவார்கள், சாவி பக்கிரிசாமியின் முழங்கைக்குக் கீழே தொங்குகிறது. சாவியைக் கேட்பதும் விஷயத்தைச் சொல்வதும் ஒன்றுதான்.

கதவை மூடும்போது எங்கள் பிளாண்டில் ஒரு வழக்கம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடைசியாக வெளியே வருகிறவர் இருட்டுக்குள் முகத்தை நீட்டி ‘உள்ள யாராச்சும் இருக்கீங்களா’ என்று கத்துவார். எதிரொலி அடங்கும்வரை நிற்பார். பிறகு தலையிலிருந்து கால்வரை தன்னைத்தானே தட்டிப் பார்த்துக்கொண்டு, கதவருகே நிற்பவரிடம் ‘முழுசா வந்துட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் போல்ட்டை முறுக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன், இப்போது யாரும் சிரிப்பதில்லை. இன்றைக்குக் கடைசி ஆள் நான். கத்தினேன். என் குரலே சுற்றிவந்து இருக்கீங்களா, இருக்கீங்களா என்றது. தட்டிப் பார்த்துக்கொண்டேன், நெஞ்சு, விலா, தொடை, முழங்கால். இடுப்பில் தட்டவில்லை. புடைப்பு பாய் கண்ணில் பட்டுவிடும் என்று இடுப்பை மட்டும் விட்டுவிட்டுத் தட்டினேன். தட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பாய் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதும் விட்டுடலையே சார்?" "முழுசா வந்துட்டேன் பாய்." அவர் முறுக்கினார். கைப்பிடியிலிருந்த தாயத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொண்டார்.

நான்தான் கழுவுவதற்கான இந்த நிறுத்தத்தையே கேட்டு வாங்கினேன், அது வேறு. லாஸ் சார் என்று பேர் வைத்திருக்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. எங்கே எவ்வளவு போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வயலுக்கடியிலிருந்து எடுத்துக் குழாயில் கொண்டுவருகிற கேஸ், அதை எரித்தால் வருகிற சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே கம்பிக்கு மின்சாரமாகப் போகிறது. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்கு. பெரிய ஊர்களில் அந்தச் சூட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து இன்னொரு டர்பைனை ஓட்டுகிறார்கள், எங்களுக்கு அது வரும் வரும் என்று சொல்லியே பல வருஷம் போயிற்று. புகைபோக்கியில் புகை தெரியாது, மேலே வானம் மட்டும் நெளியும். அந்தச் சூட்டில் பருந்துகள் சிறகை அசைக்காமல் சும்மா மேலே போய்க்கொண்டே இருக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும், எனக்கு வயிறு எரியும். உண்டாகிற விசையிலும் பாதிக்கு மேல் கம்ப்ரசரே தின்றுவிடும், காற்றை நெருக்குகிற கூலியாக. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும், லேசான காற்றுக்கு அதே பாடு, வருமானம் கம்மி. இதில் உப்பளக் காற்று வேறு. உப்பும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பிளேடு முதுகில் படியும், பல்லில் காரை படிகிற மாதிரி. படிந்தால் இன்னும் அதிகமாகத் தின்னும், இன்னும் குறைவாகக் கொடுக்கும். கழுவியே ஆக வேண்டும் என்று சண்டை போட்டேன். கோடையில் யார் மெஷினை நிறுத்த விடுவார்கள்? மல்லுக்கட்டி வாங்கினேன். நேற்றுக் கழுவினோம், இன்றைக்கு உள்ளே போய்ப் பார்த்தேன், பிளேடுகள் புதுப் பாத்திரம் மாதிரி இருந்தன. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மல்லாந்தும் குப்புறவும் புரண்டேன். வாயின் விளிம்பில் இரும்பு உரசியது, இடுப்பில்தான் உரசியது, இப்போது நினைவுக்கு வருகிறது, அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

"ஃபிளேம் வந்துருச்சு சார்" என்றாள் பரிமளா. நெருப்புப் பிடித்துவிட்டது. சத்தம் மாறிவிட்டது, இத்தனை நேரம் காற்றுச் சத்தம், இப்போது அதற்கடியில் இன்னொன்று, தொண்டைச் சத்தம். வேகம் ஏறத் தொடங்கியது. நெருப்பு வைப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் மெஷின் சூடாகியிருக்காது, சாயங்காலத்துக்குள் திறந்து பார்த்திருக்கலாம். இனி நிறுத்தினால் ஆறவிட வேண்டும், ஆறுகிறவரை தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நாளைக் காலைக்கு முன்னால் யாரும் உள்ளே போக முடியாது. போகிற ஆளும் நானாகத்தான் இருப்பேன். நின்றால் நானும் இங்கே நிற்க வேண்டும். ஓடினால், லோடு ஏறியதும் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய்விடலாம், கஸ்தூரியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நாளன்றைக்கு என்று வைத்திருந்த ஆபரேஷன், இன்றைக்கு ஆபரேஷன் நடக்கவிருந்த வேறொரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததால் எங்களுக்கு வந்துவிட்டது, நேற்றுதான் சொன்னார்கள். உடனே கிளம்பியிருக்கலாம். உள்ளே போய்ப் பார்க்க என்னை விட்டால் ஆளில்லை, மத்தியானம் முடிச்சிட்டு ஓடிவந்துடுறேன் என்றேன். சரி என்றாள். அந்தச் சரியில் ஒன்றுமே இல்லை, கோபம்கூட இல்லை. ஆளில்லை என்பது பாதி உண்மை. ஆபரேஷன் ரூம் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. டாக்டர் சொல்லியிருந்தார், முடிய சாயங்காலம் ஆகும், நடுவில் கூப்பிட மாட்டோம், கூப்பிட்டால் ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். ஏதோ என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, கஸ்தூரியும் கேட்கவில்லை.

"திங்கிறதெல்லாம் எங்கங்க போவுது?" என்று கஸ்தூரி எத்தனை தடவை கேட்டிருப்பாள். நன்றாகத்தான் தின்பாள் நறுமுகை. இட்லி, முட்டை, மீன் முள் எடுத்துப் பிசைந்த சோறு, எல்லாம். எடைக்கருவியில் நிறுத்தினால் முள் அதே இடத்தில் நிற்கும். பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்க்கும். சூட்டு உடம்பு, என்னை மாதிரி, என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூங்கும்போது விலா எலும்பு ஏறி இறங்குகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். உள்ளே போவதைப் பார்க்கிறேன், வெளியே வருவதைப் பார்க்கிறேன், நடுவே எங்கோ போகிறது, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சூட்டுக் கணக்குப் போடும்போது கடைசியில் ஒரு வரி வரும், கணக்கில் வராத இழப்பு என்று. புகைபோக்கியில் இவ்வளவு, பேரிங் உராய்வில் இவ்வளவு, கூட்டின் மேல்சூட்டில் இவ்வளவு என்று எல்லாவற்றையும் சொன்னபிறகும் மிஞ்சுவதை அதில் போட்டுவிடுவோம். அந்த வரி பெரிசாக இருந்தால் அளந்தவன் சரியில்லை என்று அர்த்தம். என் கணக்கில் அது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும், அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. வீட்டில் நாலு வருஷமாக என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது அந்த வரி. டாக்டர் ஒரு தாளில் இதயத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து, நடுச்சுவரில் பேனாவால் ஒரு ஓட்டை போட்டார். உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பாதி இந்த வழியாகத் திரும்ப நுரையீரலுக்கே போயிடுது, இதயம் ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிக்கிட்டு இருக்கு, சாப்பிடறதெல்லாம் அந்த வேலைக்கே சரியாப் போயிடுது என்றார். ரீசர்குலேஷன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கஸ்தூரியும் பார்த்தாள். வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது, பிள்ளையின் இதயத்தைப் பார்த்து. ஒரு பம்ப் இப்படி ஓடினால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அவள் நெஞ்சில் காது வைத்துப் படுத்திருந்தும் தெரியவில்லை. டப் டப்புக்கு நடுவே இருந்த இரைச்சலை, காற்று மாதிரி, இழுப்பு மாதிரி, பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும்போல என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன்.

பாதி வேகம் தாண்டிவிட்டது. சுழற்றிவிட்ட மோட்டார் விலகிக்கொண்டது, இனி மெஷின் தன் நெருப்பிலேயே ஏறும். சென்னையிலிருந்து ஃபோன், எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் என்று பார்க்கிறவர்கள். "வந்துகிட்டே இருக்கு சார். இன்னைக்குப் பாருங்க, நம்ம லாஸ் சார் தேச்சுக் குளிப்பாட்டி விட்டிருக்காரு, முன்னைக்கு இப்ப நல்லாக் குடுக்கும்" என்று பக்கிரிசாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நல்ல மனிதர். இவரிடம் சொல்ல என்ன தயக்கம்? எப்படிச் சொல்வது, சார், இடுப்பில் காசு முடிந்து கட்டியிருந்தேன், அதோடு உள்ளே போனேன். பரிமளா திரும்பிப் பார்ப்பாள். பாய் காதுக்குப் போகும். தாயத்தை அவிழ்க்கச் சொன்ன ஆள். வேலை போகலாம், போனால் போகிறது, அதுவல்ல. சொல்லிவிட்டால் அது விழுந்தது விழுந்ததாகிவிடும். சொல்லாதவரை அது விழவில்லை, ஏணியடியில் எங்கோ கிடக்கிறது, வெயிலில் மஞ்சளாக, போகிற வழியில் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். அவள் மேசையில் கிடக்கிற நேரத்தில் என் வாயால் விழுந்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. தெரிந்தால் என்ன, தெரிகிறவனுக்கும் இடுப்புப் பற்றி எரிகிறது. இந்நேரம் அவள் இதயத்தை நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தாமல் ஓட்டையைத் தைக்க முடியாதாம், பக்கத்தில் ஒரு மெஷினை வைத்து அது ரத்தத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருக்க, இதயம் சும்மா கிடக்குமாம். சும்மா கிடக்கட்டும், பிறந்ததிலிருந்து அதற்கு ஓய்வே இல்லை. மறுபடி ஓடத் தொடங்குமா என்று கேட்டேன், பெரும்பாலும் தொடங்கிடும் என்றார் டாக்டர். பெரும்பாலும். அந்த வார்த்தையைத் தஞ்சாவூரிலிருந்து வீடுவரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நான் அவள்மேல் வைத்திருக்கிற ஆசையில் எவ்வளவு அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாராவது அளந்தால் மூன்றில் ஒரு பங்கு தேறுமா? மிச்சமெல்லாம் பயமாகி, எரிச்சலாகி, பிளாண்டில் வேலையாகி, புகைபோக்கி வழியாகப் போய்விட்டது. பருந்து பறக்கத்தான் ஆயிற்று.

மூலையில் ஒரு சின்னத் திரை, டர்பைன் கூடத்தின் காமிரா. அதில் பாய் வந்தார். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் இப்படித்தான், கூட்டுக்கு வெளியே நின்று ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங்கில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்பார். எத்தனை அளவுமானி இருந்தாலும் காதைத்தான் நம்புவார், அதுவும் போதாமல் உள்ளங்கையையும் கூட்டின் மேல் வைத்துக்கொள்வார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அந்தக் கையில்தான் தாயத்து. திரையில் அது ஒரு கறுப்புப் புள்ளி. கம்ப்ரசருக்கு நேர் பக்கத்தில் நிற்கிறார். முதல் வரிசை உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும், உள்ளே காசு கிடக்கலாம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நான் முழுசாக வந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். வாக்கி டாக்கி கரகரத்தது. "சத்தம் நல்லாருக்கு சார். சுத்தமா இருக்கு." வேகம் ஏறிக்கொண்டே இருந்தது. தகடுகள் திறக்கிற கோணம் திரையில் ஓர் ஓரத்தில் தெரியும், எல்லாரும் வேகத்தைப் பார்ப்பார்கள், நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அசையவில்லை. அங்கே நிறுத்தினால்தான் தைக்க முடிகிறது. அந்த நினைப்பு வந்து மாட்டிக்கொண்டது, நகர மாட்டேன் என்றது. அவள் இதயத்தையே ஒருவர் துணிந்து நிறுத்தியிருக்கிறார், பெரும்பாலும் என்ற ஒரு வார்த்தையை நம்பி. இங்கே நான் ஒரு மெஷினை நிறுத்தச் சொல்ல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று. கோணம் அசைந்தது. தகடுகள் திறக்கத் தொடங்கிவிட்டன.

"நிறுத்துங்க" என்றேன். எழுந்தேன், நாற்காலி பின்னால் போய் விழுந்தது. "நிறுத்துங்க சார். நான் முழுசா வரல." பரிமளா என்னைப் பார்த்தாள், பக்கிரிசாமியைப் பார்த்தாள். பக்கிரிசாமி என் முகத்தைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. "அடிம்மா." அவள் சிவப்புப் பொத்தானை அடித்தாள். நெருப்பு போயிற்று. தொண்டைச் சத்தம் சட்டென்று நின்று, காற்றுச் சத்தம் மட்டும் நீளமாக இறங்கத் தொடங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை. அதற்குள் எங்காவது ஒரு டங் கேட்கிறதா என்று மூன்று பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். கேட்கவில்லை. கேட்காததால் ஒன்றும் நிச்சயமில்லை. "என்னா விட்டீங்க?" என்றார் பக்கிரிசாமி. "காசு. முடிஞ்சி கட்டுன துணி. புள்ளைக்கு." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சென்னை ஃபோன் மறுபடி அடித்தது, அவர் எடுத்து "இல்ல சார், இன்னைக்கு வராது, நாளைக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். கதவைத் தள்ளிக்கொண்டு பாய் வந்தார், காதிலிருந்த பஞ்சை எடுத்தபடியே. "நல்லாத்தானே சார் ஓடிச்சு, ஏன் அடிச்சீங்க?" என்னைப் பார்த்தார். என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். இடுப்பில்தான் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. விழுந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்து, "உக்காருங்க சார்" என்றார்.

மேசையில் குப்புறக் கிடந்த ஃபோன் நடுங்கியது. கஸ்தூரி. எடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை கயிற்றைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். "என்னங்க, கெளம்பிட்டீங்களா?" என்றாள். "இல்ல கஸ்தூரி. இன்னைக்கு வர முடியாது. மெஷின் ஆறணும்." "சரி" என்றாள், அதே சரி. பிறகு, "முடிச்சு இருக்குல்ல?" "இல்ல. அப்பயே இல்ல. உள்ள விழுந்துடுச்சு, நான் பொய் சொல்லிட்டேன்." திட்டுவாள், அழுவாள், எதையாவது செய்தால் தேவலை என்று காத்திருந்தேன். பக்கத்துக் கூடத்தில் டர்பைன் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. சாயங்காலமாக இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. யாரோ ஒரு பெண், நர்ஸாக இருக்க வேண்டும், உரக்கக் கேட்டாள்:

"நறுமுகை கூட வந்தவங்க யாருங்க?"